கையை விட்டாலும் நின்ற இடத்தில் நிற்கும் கேமரா: மிதப்பைச் சமன் செய்த பதிவு

நீருக்கடியில் மேக்ரோ, அதாவது சின்னஞ்சிறு உயிர்களை மிக நெருக்கத்தில் படம், எடுப்பவர்களுக்கு மணிக்கட்டு வலி புதிதல்ல. ஒன்றுக்கு ஒன்று பெரிதாக்கத்தில், லென்ஸ் துளையை எஃப் 16 வரை சுருக்கினால்கூடத் தெளிவாக விழும் ஆழம் சுமார் 2 மில்லிமீட்டர்தான். ஒரு சின்ன இறாலின் கண் அந்த 2 மில்லிமீட்டருக்குள் வர வேண்டும். அந்த நேரத்தில் கேமராவின் மூக்கு கீழே இழுத்துக்கொண்டே இருந்தால், கையின் பாதி வேலை அதைத் தூக்கிப் பிடிப்பதிலேயே போய்விடும். கை களைத்தால் நடுக்கம் வரும், நடுங்கினால் அந்த 2 மில்லிமீட்டர் கிடைக்காது.

என் செட் இதுதான். அலுமினிய ஹவுசிங்குக்குள் (தண்ணீர் புகாத கேமராப் பெட்டி) மிரர்லெஸ் கேமரா, 105 மி.மீ. மேக்ரோ லென்ஸ், அதை மூடும் நீளமான தட்டைப் போர்ட் (முன்னால் கண்ணாடி வைத்த குழாய்), இரண்டு ஸ்ட்ரோப் (நீருக்கடி ஃபிளாஷ்), அவற்றைத் தாங்கப் பக்கத்துக்கு இரண்டாக நான்கு ஆர்ம், அவற்றை மடங்கும்படி இணைக்கும் ஆறு கிளாம்ப், மேலே ஒரு ஃபோகஸ் லைட். மோசமான செட் இல்லை. ஆனால் தண்ணீருக்குள் இது ஒரு கிலோவுக்கு மேல் கனக்கிறது, அதுவும் முன்பக்கமாகக் கனக்கிறது.

ஆர்மில் ஃபோம் துண்டுகளை மாட்டி மொத்த எடையைக் குறைப்பதுதான் பலரும் செய்வது. அதில் தவறில்லை. ஆனால் மொத்தம் சரியாக வந்தாலும் ஸ்ட்ரோபை ஒரு பக்கமிருந்து இன்னொரு பக்கம் நகர்த்தியதும் செட் சாயும். மேக்ரோவில் ஸ்ட்ரோபை நகர்த்திக்கொண்டேதான் இருப்போம். அதனால் நான் வேறு மாதிரிப் போனேன். நகரும் ஒவ்வொரு பாகமும் தன் பாரத்தைத் தானே சுமக்க வேண்டும். நகராத நடுப்பகுதியைத் தனியாகச் சமன் செய்ய வேண்டும். இந்தப் பதிவு முழுக்க அந்த ஒன்றைச் செய்த விதம்தான்.

தொட்டியில் அளந்தது

பெரிய சாமான் எதுவும் தேவைப்படவில்லை. செட் முழுதும் மூழ்கும் அளவுக்கு ஒரு தொட்டி, 5 கிராம் வித்தியாசத்தையும் காட்டும் டிஜிட்டல் தொங்கு தராசு, மெல்லிய நைலான் கயிறு, ஒரு நோட்டு, அவ்வளவுதான். தராசு தண்ணீருக்கு மேலே இருக்க வேண்டும். செட் அடியையோ பக்கச் சுவரையோ தொடாமல் முழுதாக உள்ளே தொங்க வேண்டும். கயிறு மட்டுமே நீர்மட்டத்தைக் கடக்கலாம். தடித்த கயிறு வேண்டாம். அதுவும் தன் பங்குக்கு நீரை விலக்கும்.

கடலில் கொண்டுபோகும் நிலையில் எல்லாவற்றையும் பூட்டி, பேட்டரிகளும் போட்டு, காற்றில் நிறுத்தேன்: 8.42 கிலோ. பேட்டரி இல்லாமல் நிறுப்பதில் பயனில்லை. ஹவுசிங்குக்கு உள்ளே இருப்பது எதுவானாலும் வெளிப்புறக் கன அளவை மாற்றாது. ஆகவே உள்ளே கூடும் ஒவ்வொரு கிராமும் தண்ணீரிலும் ஒரு கிராமாகவே கூடும். லென்ஸை மாற்றினாலும் இதே கதைதான். வாக்குவம் பம்ப் போட்டு ஹவுசிங்கிலிருந்து காற்றை எடுத்தால் எடை குறையுமா என்று சிலர் கேட்பார்கள். ஒரு லிட்டர் காற்றின் எடையே 1.2 கிராம்தான், அதனால் அதைக் கணக்கில் சேர்க்க வேண்டியதில்லை. தண்ணீரைத் தடுக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று பார்க்க மட்டும் அதைப் போட்டேன்.

தண்ணீரில் இறக்கியதும் தராசு 1.29 கிலோ காட்டியது. அதை எழுதிக்கொண்டு போயிருந்தால் கணக்கு தப்பாகியிருக்கும். ஹேண்டிலின் குழிவில், கிளாம்பின் இரண்டு தகடுகளுக்கு நடுவில், ஹேண்டில்களைத் தாங்கும் ட்ரேயின் அடியில், போர்ட்டின் முன் வளையத்துக்குள் என்று எல்லா இடத்திலும் காற்று ஒட்டிக்கொண்டிருக்கும். செட்டைத் தண்ணீருக்குள்ளேயே கவிழ்த்து, பக்கவாட்டில் சாய்த்து, பழைய டூத்பிரஷ்ஷால் இடுக்கு இடுக்காகத் தடவினேன். ஒவ்வொரு இடுக்கிலிருந்தும் முத்து முத்தாகக் குமிழ் கிளம்பியது, தராசில் எண் மெல்ல ஏறியது. ஒரு கிளாம்பின் திருகுக்குப் பின்னால் மட்டும் சுண்டைக்காய் அளவுக் குமிழ் ஒன்று விடாப்பிடியாக ஒட்டியிருந்தது. திருகைத் தளர்த்தியபிறகுதான் வெளியே வந்தது. கடைசியில் எண் 1.36 கிலோவில் நின்றது. அதாவது 70 மில்லிலிட்டர் காற்று ஒளிந்திருந்திருக்கிறது. கடலில் இந்தக் குமிழ்கள் இறங்கும் வழியிலேயே கழன்றுபோகும், மிச்சமிருப்பவை அழுத்தத்தில் சுருங்கும். ஆகவே நமக்கு வேண்டியது இரண்டாவது எண்தான்.

இந்த இரண்டு எடைகளிலிருந்தே கன அளவு கிடைத்துவிடும். 8.42-லிருந்து 1.36-ஐக் கழித்தால் 7.06. நன்னீர் லிட்டருக்கு ஒரு கிலோ என்பதால் செட் விலக்கும் நீர் 7.06 லிட்டர். கடல் நீர் லிட்டருக்குச் சுமார் 1.025 கிலோ. அதே 7.06 லிட்டர் கடலில் 7.24 கிலோவைத் தாங்கும். எனவே கடலில் செட்டின் கனம் 1.18 கிலோ. தொட்டிக்கும் கடலுக்கும் இடையே கிட்டத்தட்ட 180 கிராம் வித்தியாசம். ஆர்கிமிடிஸ் விதியைப் பள்ளியில் படித்திருப்போம். இந்த 180 கிராமைக் கையால் உணரும்போது அது வேறு மாதிரி மனதில் பதிகிறது.

இலக்கு என்ன? கடலில் 100 கிராம் கனம் என்று வைத்துக்கொண்டேன். சரியாகப் பூஜ்யம் வேண்டாம். கை நழுவினால் செட் மேலே கிளம்பிப் போகாமல் மெதுவாகக் கீழே இறங்க வேண்டும், மணலில் வைத்தால் உட்கார வேண்டும். மிதக்கும் செட் வைத்திருப்பவர்களும் இருக்கிறார்கள், எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. ஆக, எனக்குத் தேவையான கூடுதல் மிதப்பு 1,080 கிராம்.

அடுத்து ஒவ்வொரு பாகமாகக் கழற்றித் தண்ணீரில் நிறுத்தேன். நன்னீரில் கிடைத்த எண்கள்: கேமரா, போர்ட்டுடன் ஹவுசிங் 540 கிராம். ஸ்ட்ரோப் ஒன்று 95. ஆர்ம் துண்டு ஒன்று 55. கிளாம்ப் ஒன்று 50. ஃபோகஸ் லைட் 110. கூட்டிப் பார்த்தால் அதே 1,360 வருகிறது. இதில் என்னை நிறுத்தியது கிளாம்ப் கணக்கு. ஆறு கிளாம்பும் சேர்ந்து 300 கிராம், இரண்டு ஸ்ட்ரோபும் சேர்ந்து 190. ஸ்ட்ரோப் பெரிதாக இருப்பதால் அதுதான் கனம் என்று தோன்றும். ஆனால் அதற்குள் நிறையக் காற்று இருக்கிறது. கிளாம்ப் கட்டி அலுமினியம். அலுமினியத்தின் அடர்த்தி தண்ணீரைப்போல 2.7 மடங்கு. ஆர்ம் நீளத்தைக் கூட்ட நினைப்பவர்கள் துண்டுகளைச் சேர்ப்பதற்குப் பதில் நீளமான ஒரே துண்டு வாங்கினால் ஒரு கிளாம்பின் கனம் மிச்சம்.

மூக்கு எவ்வளவு இழுக்கிறது

மொத்த எடை பாதிக் கதைதான். மணிக்கட்டை வதைப்பது எடையைவிடத் திருப்புத்திறன். விசையைத் தூரத்தால் பெருக்கினால் வருவது அது.

இதை அளக்க ஆர்ம், லைட் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு ஹவுசிங்கை மட்டும் எடுத்துக்கொண்டேன். தொட்டிக்குக் குறுக்கே ஒரு கம்பு. அதிலிருந்து கயிறு இறக்கி இரண்டு ஹேண்டிலிலும் கை பிடிக்கும் இடத்தில் கட்டினேன். போர்ட்டின் முனையில் இன்னொரு கயிறு, அதைத் தராசில் மாட்டி, போர்ட் கிடைமட்டமாக வரும்வரை தூக்கினேன். தராசு 300 கிராம் காட்டியது. ஹேண்டில் கோட்டிலிருந்து போர்ட் முனை 22 செ.மீ. ஆக 300 பெருக்கல் 22, அதாவது 6,600 கிராம் சென்டிமீட்டர். ஒவ்வொரு படத்துக்கும் கை இதைத்தான் எதிர்த்துப் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறது.

இதை ஹேண்டிலுக்கு மேலே மிதப்பான் மாட்டிச் சரிசெய்ய முடியாது. ஹேண்டில் கோட்டிலேயே இருக்கும் மிதப்புக்குத் தூரம் பூஜ்யம், அதனால் எவ்வளவு மாட்டினாலும் மூக்கு இழுப்பது குறையாது. செட் லேசாகும், ஆனால் கை அதே அளவு வலிக்கும். மிதப்பு போர்ட்டிலேயே இருந்தாக வேண்டும். போர்ட்டைச் சுற்றி ஒரு ஃபோம் வளையம் போட்டால் அதன் நடு, ஹேண்டில் கோட்டிலிருந்து 15 செ.மீ. முன்னால் வரும். 6,600-ஐ 15-ஆல் வகுத்தால் 440 கிராம். இது நன்னீர்க் கணக்கு. போர்ட் மட்டும் சுமார் 1.3 லிட்டர் நீரை விலக்குகிறது, கடல் அதைக் கூடுதலாக 33 கிராம் தூக்கும். அதைக் கழித்து, வளையத்துக்கு 400 கிராம் என்று முடிவு செய்தேன்.

அடுத்து ஸ்ட்ரோப் பக்கம். நகர்வது எவை? ஸ்ட்ரோப், அதைப் பிடிக்கும் கிளாம்ப், வெளி ஆர்ம், முழங்கை மாதிரி மடங்கும் நடுக் கிளாம்ப். நன்னீரில் 95, 50, 55, 50 சேர்ந்து 250 கிராம். கடலில் சுமார் 230. வெளி ஆர்மில் 230 கிராம் மிதப்பு மாட்டினால் இந்தக் கூட்டம் முழுதும் தண்ணீரில் கனமில்லாமல் போகும். அதை மேலே, கீழே, போர்ட்டுக்குப் பக்கத்தில் என்று எங்கே கொண்டுபோனாலும் ஹவுசிங் அதைப் பற்றிக் கவலைப்படாது.

இரண்டு பக்கமும் சேர்த்து 460. வளையம் 400. மிச்சம் 220, அதை உள் ஆர்ம்களுக்கு ஆளுக்கு 110 என்று பிரித்துவிட்டேன். உள் ஆர்ம்கள் ஹவுசிங்குக்கு மேலே நிற்பதால் அங்கே இருக்கும் மிதப்பு செட்டை நிமிர்த்தியும் வைக்கும். ஃபோகஸ் லைட் உச்சியில் உட்கார்ந்து தலைக்கனம் கொடுப்பதற்கும் அது ஈடு.

எந்த ஃபோம்

மிதப்பு கொடுப்பதெல்லாம் ஆழத்திலும் கொடுக்கும் என்றில்லை. ஒவ்வொரு 10 மீட்டருக்கும் ஏறத்தாழ ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது. 20 மீட்டரில் மொத்தம் மூன்று. மெத்தென்ற மூடிய செல் ஃபோம் எல்லாமே, நீச்சல் குளத்தில் குழந்தைகள் பிடித்துக்கொள்ளும் நீளக் குழாய் உட்பட, அங்கே சுருங்கிவிடும். டைவிங் உடை தைக்கும் நியோப்ரீனும் அப்படித்தான். மேற்பரப்பில் கச்சிதமாக இருந்த செட் கீழே போனதும் கனக்கத் தொடங்கும். தெர்மாகோல் மணிகளுக்கு இடையில் தண்ணீர் ஏறும், அதுவும் ஆகாது.

கட்டட வேலையில் வெப்பத் தடுப்புக்குப் போடும் கெட்டியான பாலிஸ்டைரீன் பலகையைச் சிலர் பயன்படுத்துகிறார்கள். கையில் அழுத்தினால் கல் மாதிரி இருக்கும். ஆனால் அந்த வகையில் பரவலாகக் கிடைப்பவற்றின் நசுங்கு வலிமை 200 முதல் 300 கிலோபாஸ்கல்தான். 30 மீட்டர் ஆழத்தின் கூடுதல் அழுத்தமே 300 கிலோபாஸ்கல். அங்கே நசுங்கிய பலகை மேலே வந்தாலும் பழைய அளவுக்குத் திரும்பாது. பொழுதுபோக்கு டைவிங்கின் ஆழ எல்லையான 40 மீட்டருக்கு 400 கிலோபாஸ்கல் தாங்க வேண்டும், அதற்கு மேல் தாராளமான இடைவெளியும் வேண்டும்.

நான் எடுத்தது படகு கட்டுபவர்கள் உள்ளீடாகப் போடும் கெட்டியான பிவிசி ஃபோம், கன மீட்டருக்கு 100 கிலோ அடர்த்தி. இதன் நசுங்கு வலிமை தேவையைப்போலப் பல மடங்கு. ஆழ்கடல் கருவிகளுக்கு எபாக்சியில் கண்ணாடி நுண்கோளங்களைக் கலந்த சின்டாக்டிக் ஃபோம் உண்டு. அது இன்னும் உறுதி, ஆனால் கனமும் அதிகம். நம் ஆழத்துக்கு அது வேண்டியதில்லை.

காற்றடைத்த குழாய் ஆர்ம் போடலாமே என்று கேட்கலாம். நல்ல வழிதான். வெளி விட்டம் 60 மி.மீ., சுவர் 2 மி.மீ., நீளம் 20 செ.மீ. உள்ள அலுமினியக் குழாய் 565 மில்லி நீரை விலக்கும். இரு முனையிலும் அந்த நீளத்துக்குள்ளேயே 5 மி.மீ. தட்டு வைத்தால் குழாயின் எடை 263 கிராம். கடலில் மிச்சம் 316 கிராம் மிதப்பு. கடையில் வரும் மூடிய ஆர்ம்கள் இப்படித்தான் வேலை செய்கின்றன. வீட்டில் செய்யும் குழாயில் எனக்குப் பயம் ஒன்றுதான். ஆழத்தில் மெல்லக் கசிந்து உள்ளே அழுத்தம் ஏறிய குழாய், மேலே வந்தபிறகு அந்த அழுத்தத்தோடே இருக்கும். அதன் மூடியைத் திறப்பவரின் முகத்துக்கு நேராக அது தெறிக்கலாம். ஃபோமில் அந்த ஆபத்து இல்லை. ஒரு மூலை உடைந்தாலும் சில கிராம்தான் போகும்.

வெட்டியது, தேய்த்தது

இந்த ஃபோமில் ஒரு மில்லிலிட்டர், கடலில் 0.925 கிராம் தூக்கும். 400 கிராமுக்கு 432 மில்லி வேண்டும். போர்ட்டின் வெளி விட்டம் 11 செ.மீ., வளையத்தின் நீளம் 7 செ.மீ. என்று வைத்தால் வெளி விட்டம் 14.1 செ.மீ. வருகிறது, அதாவது 1.6 செ.மீ. தடிமன். இதைவிடத் தடிமன் கூடாது. மேக்ரோவில் ஸ்ட்ரோப் போர்ட்டை ஒட்டி வர வேண்டும்; பாறைக்குப் பக்கத்தில் போகும்போது வளையம் இடிக்கவும் கூடாது. தடிமனைக் கூட்டுவதைவிட நீளத்தைக் கூட்டுவதே மேல். ஆனால் போர்ட் பூட்டின் நெம்புகோலை மறைக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

வெளி ஆர்முக்கு 230 கிராம், 249 மில்லி. ஆர்ம் தண்டு 16 மி.மீ., பயன்படும் நீளம் 15 செ.மீ. விட்டம் 4.9 செ.மீ. உள் ஆர்முக்கு 3.6 செ.மீ. எல்லாவற்றையும் கணக்கைவிட ஒரு மில்லிமீட்டர் பெரிதாகவே வெட்டினேன். மிதப்பு கூடினால் எடை சேர்ப்பது எளிது, குறைந்தால் ஃபோமை ஒட்டி மறுபடி தேய்ப்பது பெரிய வேலை.

ஆர்மின் இரண்டு முனையிலும் குண்டு இருப்பதால் உருளையை அப்படியே நுழைக்க முடியாது. நீளவாக்கில் இரண்டு பாதியாகத்தான் செய்ய வேண்டும். இரண்டு பட்டைகளை வெட்டி, ஒவ்வொன்றின் நடுவிலும் வட்ட அரத்தால் அரைவட்டப் பள்ளம் எடுத்தேன். பிறகு ஒரு 16 மி.மீ. கம்பியை நடுவில் வைத்து இரண்டையும் டேப்பால் சேர்த்துக் கட்டி, முதலில் நான்கு மூலைகளையும் சீவி எட்டுப் பட்டையாக்கினேன். அதற்கப்புறம் உப்புத்தாளால் உருட்டி உருட்டித் தேய்த்தால் உருளை தானாக வரும். நேரடியாக வட்டமாகத் தேய்க்கப் போனால் ஒரு பக்கம் பள்ளமாகிவிடும். ஃபோம் தூள் மிக நுண்ணியது, காற்றில் நெடுநேரம் நிற்கும். நல்ல முகக்கவசம் கட்டாயம். இதில் சமரசமே வேண்டாம்.

வெட்டிய முகத்தில் செல்கள் திறந்திருக்கும், அங்கே தண்ணீர் தங்கும். அதனால் எபாக்சியில் கண்ணாடி நுண்கோளப் பொடியைக் களிம்பு பதத்துக்குக் கலந்து முதல் பூச்சு. காய்ந்ததும் லேசாகத் தேய்த்து, வெறும் எபாக்சியில் மெல்லிய இரண்டாம் பூச்சு. பூச்சு எடை மிதப்பைத் தின்றுவிடுமே என்று கவலைப்பட வேண்டாம். எபாக்சியின் அடர்த்தி 1.1-ஐ ஒட்டி இருப்பதால் கடல் நீரில் அது ஏறத்தாழ எடையற்றது. வளையத்துக்கு மட்டும் மேலே மங்கலான கறுப்பு வண்ணம் அடித்தேன். லென்ஸ் பக்கத்தில் வெளிர் நிறம் இருந்தால் ஸ்ட்ரோப் வெளிச்சம் அதில் பட்டுத் திரும்பும்.

பாதிகளைச் சேர்க்க, ஒவ்வொரு உருளையிலும் இரண்டு இடத்தில் சின்னக் காடி எடுத்து அதில் கேபிள் டை. வளையத்துக்கு எலாஸ்டிக் கயிறு. போர்ட்டை மாற்றும்போது நொடியில் கழற்றலாம்.

மறுபடி தொட்டி, அப்புறம் கடல்

மிதப்பான்கள் எல்லாம் சேர்ந்து 1.17 லிட்டர். செட் இப்போது விலக்குவது 8.23 லிட்டர். கடலுக்கும் நன்னீருக்கும் உள்ள வித்தியாசம் இதில் 206 கிராம். ஆக, கடலில் 100 கிராம் கனக்க வேண்டிய செட் தொட்டியில் 306 காட்ட வேண்டும். தொட்டியில் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்த செட் கடலில் பலூன்தான். இது தெரியாமல் குளத்தில் சமன் செய்துவிட்டுப் போகிறவர்கள் உண்டு, அதனால்தான் அழுத்திச் சொல்கிறேன்.

தராசு காட்டியது 255. கொஞ்சம் பெரிதாக வெட்டியதன் பலன். இன்னும் 51 கிராம் வேண்டும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வாஷர்கள் தண்ணீரில் தங்கள் எடையில் எட்டில் ஒரு பங்கை இழக்கும், அதனால் காற்றில் 58 கிராம் அளவுக்கு எடுத்து ட்ரேயின் அடியில் இருக்கும் டிரைபாட் துளையில் போல்ட் போட்டு மாட்டினேன். ஸ்டீலும் அலுமினியமும் கடல் நீரில் நேராகத் தொட்டால் அலுமினியம் அரிக்கும், நடுவில் நைலான் வாஷர் அவசியம். எடை அடியில் இருப்பது நல்லது, ஈர்ப்பு மையம் கீழே இறங்கும்.

ஆர்ம் கூட்டத்தைத் தனியாகச் சோதிக்கத் தொட்டி உதவாது. நன்னீரில் அது 20 கிராமுக்கு மேல் கனமாகவே காட்டும். பக்கெட்டில் 20 லிட்டர் தண்ணீருக்கு 700 கிராம் உப்பு கரைத்தால் கிட்டத்தட்டக் கடல் நீர் தயார். அதில் ஸ்ட்ரோபும் வெளி ஆர்மும் கிளாம்ப்களுமாக இறக்கினேன். கீழேயும் போகவில்லை, மேலேயும் வரவில்லை, ஆனால் ஸ்ட்ரோப் பக்கம் தலைகுனிந்து செங்குத்தாக நின்றது. மிதப்பான் ஆர்மின் நடுவில், கனம் ஸ்ட்ரோப் முனையில் என்பதால் இப்படி. மொத்தம் சமனாக இருந்தாலும் மேலே ஒரு விசை, தள்ளி வேறோர் இடத்தில் கீழே ஒரு விசை என்று இருந்தால் அது திருப்பத்தான் செய்யும். ஃபோமை ஸ்ட்ரோப் முனைக்கு நெருக்கமாகத் தள்ளிக் கட்டினேன். குனிவு வெகுவாகக் குறைந்தது.

கடலில், மணல் தரையுள்ள ஆழம் குறைந்த இடத்தில் முழங்கால் போட்டு, இடது நடுக் கிளாம்பைத் தளர்த்தினேன். ஆர்ம் அசையவில்லை. விரலால் தள்ளினால் தள்ளிய இடத்தில் நின்றது. வலது பக்கம் மட்டும் மெல்லச் சரிந்தது. ஹவுசிங்கையும் ஸ்ட்ரோபையும் இணைக்கும் ஒளியிழைக் கேபிளின் சுருள் அந்தப் பக்கம் விறைப்பாக இருந்து ஸ்ட்ரோபை இழுத்துக்கொண்டிருந்தது. கேபிளைச் சற்று நீளமாக விட்டதும் அதுவும் நின்றது. இந்த நிலைக்கு வந்தபிறகு கிளாம்பை இறுக்கமாகத் திருக வேண்டியதே இல்லை. ஒரு கையால் ஸ்ட்ரோபை நகர்த்தலாம், விட்டால் அங்கேயே இருக்கும்.

ஹவுசிங்கை விட்டுப் பார்த்தேன். போர்ட் நேராகவே இருக்க, செட் அப்படியே மெதுவாக இறங்கியது. ஸ்ட்ரோப்கள் இரண்டையும் போர்ட்டுக்கு முன்னால் கொண்டுவந்து விட்டேன், பிறகு பின்னால் மடக்கி விட்டேன். போர்ட் கோணம் கண்ணுக்குத் தெரியும்படி மாறவில்லை. 25 மீட்டரில் மறுபடி விட்டுப் பார்த்தபோதும் இறங்கும் வேகம் ஒன்றாகவே தெரிந்தது, ஃபோம் சுருங்கவில்லை.

செங்குத்துப் படத்துக்குச் செட்டைத் திருப்பும்போது மட்டும் கொஞ்சம் முரண்டு பிடித்தது. மிதப்பு மையம் ஈர்ப்பு மையத்துக்கு நேர் மேலே இருந்தால் செட் எப்போதும் நிமிரப் பார்க்கும். வீடியோவுக்கு அது வரம். படத்துக்கு அப்படியில்லை. இந்த நிமிரும் திறனுக்கு 100 கிராம் நிகர எடை கணக்கில்லை. நீர் தாங்கும் முழு 8.4 கிலோவும் கணக்கு. இரண்டு மையங்களுக்கும் இடையே வெறும் 1 செ.மீ. இருந்தாலே, 90 பாகை திருப்பும்போது 8,400 கிராம் சென்டிமீட்டர் எதிர்க்கும். கையில் 20 செ.மீ. தள்ளி 420 கிராம் தொங்கவிட்ட பாரம் அது. உள் ஆர்ம்களை நேராக நிறுத்தாமல் இரண்டு பக்கமும் அகலமாகச் சாய்த்துவிட்டேன். அவற்றில் உள்ள மிதப்பான்கள் கீழே இறங்கின, செட் சொன்னபடி திரும்பியது. வீடியோ எடுக்கும்போது மறுபடி நிமிர்த்திக்கொள்ளலாம். உள் மிதப்பான்களைப் பிரித்து வைத்ததில் கிடைத்த பெரிய வசதி இதுதான்.

ஒன்றைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். இதுவரை செட்டின் கனம் டைவர் மூழ்குவதற்காகப் பெல்ட்டில் கட்டும் ஈயத்தில் ஒரு பங்காக வேலை செய்துகொண்டிருந்தது. ஒரு கிலோ மிதப்பைச் செட்டில் சேர்த்தால் பெல்ட்டில் ஏறத்தாழ ஒரு கிலோ கூட்ட வேண்டும். இல்லாவிட்டால் சிலிண்டர் காலியாகி வரும் நேரத்தில், மேலே வருமுன் 5 மீட்டரில் சற்று நேரம் நிற்கும் பாதுகாப்பு நிறுத்தத்தில் நிற்க முடியாது. கனமான செட்டில் வேறோர் ஆபத்து இருந்தது: நீருக்குள் அதை யாரிடமாவது கொடுத்தால் கொடுத்தவர் மேலே கிளம்புவார். இப்போது அந்தத் தொல்லை போய்விட்டது.

அகலக் காட்சிக்கான அரைக்கோளப் போர்ட்டுக்கு, அதாவது வைட் ஆங்கிள் டோமுக்கு, மாற்றும்போது வளையத்தைக் கழற்றிவிடுவேன். 20 செ.மீ. விட்டமுள்ள முழு அரைக்கோளம் 2 லிட்டருக்குச் சற்று மேல் நீரை விலக்கும், அதில் பெரும்பகுதி காற்று. அக்ரிலிக் டோம் என்றால் மூக்கு கீழே இழுப்பதற்குப் பதில் மேலே எழும்பும். கண்ணாடி டோமில் எழும்புவது குறைவு. அங்கே ஹவுசிங்குக்கும் டோமுக்கும் நடுவில் வரும் நீட்டிப்பு வளையத்தின் அடியில் ஈயப் பட்டை வைத்துச் சமன் செய்கிறேன். அளக்கும் முறை அதேதான், தராசைப் போர்ட் முனையில் மேல்நோக்கி மாட்டாமல், எவ்வளவு எடை தொங்கவிட்டால் மட்டமாகிறது என்று பார்க்க வேண்டும். வெளி ஆர்ம்களை மட்டும் தொடுவதே இல்லை. அவை தங்களைத் தாங்களே சுமப்பதால் எந்தப் போர்ட்டோடும் ஒத்துப்போகின்றன. நன்னீர் டைவ் என்றால் அடி வாஷர்களை எடுத்துவிட்டு, உள் ஆர்ம்களில் தடித்த ஜோடியை மாட்டிக்கொள்கிறேன்.

ஒவ்வொரு மிதப்பானையும் கழற்றி, அது எத்தனை கிராம் தூக்குகிறது என்பதை அதன் மேலேயே அழியாத மையில் எழுதியிருக்கிறேன். தெரிந்த ஓர் ஈயக் கட்டியோடு சேர்த்துக் கட்டித் தொட்டியில் நிறுத்தால் அந்த எண் கிடைக்கும். அவ்வப்போது மறுபடி நிறுத்துப் பார்ப்பேன். 10 கிராமுக்கு மேல் குறைந்திருந்தால் எங்கோ பூச்சு விரிசல் விட்டுத் தண்ணீர் ஏறியிருக்கிறது என்று அர்த்தம். அதை வெயில் படாத இடத்தில் நன்றாக உலரவிட்டு, அந்த இடத்தை மட்டும் தேய்த்து எபாக்சி பூசினால் பழைய எண்ணுக்கு வந்துவிடும்.